ஓர் ஓவர் விட்டு ஓர் ஓவர்

லண்டனில் ஒரு கவுன்சிலில், பார்க்கிங் தண்டம் கட்டுகிறவர்களுக்கான தொலைபேசிப் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுவதும் என்னோடு பேச ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோரும் திட்டுவதற்கென்றே எடுக்கிறவர்கள். பின்னேரம் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தால் அடுத்த நாள் காலை வரைக்கும் என்னோடு பேச ஒருவரும் இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் திங்கள் வரைக்கும். இரக்கப்படுங்கள் என்று இதைச் சொல்லவில்லை. நான் ஏன் கிரிக்கெட் பார்க்கப் போனேன் என்பதற்கு வேறு காரணம் இல்லை.

கிரிக்கெட் எனக்கு ஆகாத விளையாட்டு. என் கணவராக இருந்தவர் அதை டிவியில் போட்டுவிட்டு சோபாவில் கிடப்பார். தேநீர் கொண்டுபோனால் மறைக்காதே என்று கையால் காட்டுவார். அவரை விட்டு வந்து நோர்பரியில் ஒரு கடைக்கு மேலே ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியுமாக இருக்கத் தொடங்கிய பிறகு, கல்யாணவீடு, பிறந்தநாள் என்று வந்துகொண்டிருந்த அழைப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் என்னோடு கோபிக்கவில்லை. மறந்துபோனார்கள், அவ்வளவுதான். அவருக்கு மட்டும் எல்லா அழைப்பும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பஸ் ஏறினேன். எங்கேயோ இறங்கி நடந்தபோது ஒரு கிளப் மைதானத்தில் பெண்கள் கத்துவது கேட்டது. எட்டிப் பார்த்தால் கிரிக்கெட். வாசலில் காசு கேட்க ஆளில்லை. பார்க்க வந்தவர்கள் ஐந்தாறு பேர், ஒரு நாய். கொஞ்ச நேரத்தில் நாயும் போய்விட்டது. கவுண்டி அணியின் ஆட்டம் என்று பலகையில் எழுதியிருந்தது. இவ்வளவு பெரிய மாவட்டத்துக்கு இதுதானா சனம் என்று நினைத்துக்கொண்டு எல்லைக் கயிற்றோரமாக இருந்த மர வாங்கில் உட்கார்ந்தேன்.

எனக்கு முன்னால் உயரமான ஒரு பெண் நின்றாள். ஒரு பந்து அவளை நோக்கி மெதுவாகத்தான் உருண்டு வந்தது. குனிந்தாள். பந்து அவளுடைய இரண்டு காலுக்கும் நடுவால் போய் என் வாங்குக்குக் கீழே நின்றது.

"கையென்ன, பிட்டுக் குழைச்சுக்கொண்டிருந்ததே?" என்றேன். எனக்குள் சொல்வதாகத்தான் நினைத்தேன். என் வாய் அப்படிப்பட்டது.

அவள் பந்தை எடுத்து எறிந்துவிட்டுத் திரும்பினாள். "எனக்குத் தமிழ் விளங்கும், அன்ரி."

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "விளங்கினா நல்லது. காலை மூடிக்கொண்டு நில்லு, பிள்ளை," என்றேன். அவள் சிரித்தாள். பிறகு பந்துவீச அவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் வேகப்பந்து வீசுகிறவள். என் பக்கத்து முனையிலிருந்து ஓர் ஓவர் வீசுவாள். அடுத்த ஓவர் மறுமுனையிலிருந்து நடக்கும்போது, மூச்சு வாங்குவதற்காக என் வாங்குக்கு முன்னால் வந்து நிற்பாள். ஃபைன் லெக் என்று அந்த இடத்துக்குப் பெயர். அங்கே பந்து அதிகம் வராது. ஆகவே ஓர் ஓவர் பேச்சு, ஓர் ஓவர் பேச்சில்லை. அவள் முதுகைக் காட்டியபடி பேசுவாள், நான் அவளுடைய முதுகுக்குப் பதில் சொல்வேன். பாதிக் கதையில் கூப்பிட்டால் போய்விடுவாள். ஆறு பந்து வீசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். எனக்கு வந்து வாய்த்த சிநேகிதம் அப்படி. அடுத்த ஆட்டம் எங்கே என்று அன்றைக்கு அவளையே கேட்டுக்கொண்டு வந்தேன். பிறகு ஒவ்வொரு கோடையும் போனேன்.

அணியின் பழங்கதை முழுவதும் எனக்கு இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. முந்தி விளையாடியவர்கள் பாவாடை உடுத்திக்கொண்டு ஓடினார்களாம். விழுந்தால் முழங்கால் தோல் போய்விடுமாம். ஆண்களின் மூன்றாவது அணிக்குத் தேவைப்படாத நாளில்தான் மைதானம் கிடைக்குமாம். அவளுடைய காலத்தில் காற்சட்டை வந்துவிட்டது. ஆனால் உடுப்பு மாற்றுவது காருக்குள், மட்டை சொந்தக் காசில், சாப்பாடு முறை வைத்துக் கொண்டுவருவது. கிழமை நாட்களில் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர்.

"அம்மா பேசுவா, அன்ரி. வெயிலில நிண்டு கறுத்துப் போறாயாம்."

"இந்த நாட்டில எங்கை வெயில்? மழையில நிண்டு தடிமன் வரப்போகுது எண்டு பேசச் சொல்லு."

இவ்வளவு பேசியும் ஒரு கேள்வியை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் இந்த நகரத்தில் எங்கே சந்தித்தாலும், ரயிலில் என்றாலும் ஆஸ்பத்திரி வரிசையில் என்றாலும், முதலில் வருவது அதுதான்: ஊரில எவடம்? இடத்தைச் சொன்னால் ஆருடைய மகள் என்பார்கள். அதைச் சொன்னால் ஆரைக் கட்டியிருக்கிறீங்கள் என்பார்கள். அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் அவர்களுடைய முகம் கொஞ்சம் பின்னால் போகும். அந்தக் கேள்வியைக் கண்டாலே எனக்கு உடம்பு எரியும். அவள் அதைக் கேட்கவில்லை. இங்கே பிறந்த பிள்ளை, அதெல்லாம் தெரியாது என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். நானும் கேட்கவில்லை. கேட்டால் திரும்பக் கேட்பாளே.

வருடங்கள் போக ஆட்டம் வளர்ந்தது. முதலில் அணிக்குப் புதுச் சட்டை வந்தது. பிறகு படம் பிடிக்க ஒருவர் வந்தார். பிறகு ஒருநாள் என் வாங்கில் எனக்குத் தெரியாத ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மகளுக்குக் காட்டக் கூட்டிவந்தார்களாம். நான் அவர்களைப் பார்த்த பார்வையில் அவர்கள் தள்ளி இருந்தார்கள்.

ஒரு கோடையின் கடைசி ஆட்டத்தில், வானம் இருட்டிக்கொண்டு வர, அவள் கயிற்றடியில் நின்று சொன்னாள்: "அன்ரி, அடுத்த வருஷம் எங்கட டீமுக்குச் சம்பளம் வரப்போகுது. பெரிய கிரவுண்டில விளையாடப் போகினம்."

நான் கைதட்டினேன். "நல்ல விஷயம்தானே, பிள்ளை."

"ஓம். எனக்கில்லை, அன்ரி. எனக்கு வயசு போயிட்டுதாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஓவர் முடிந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனாள். அந்த ஆறு பந்துக்குள் நான் ஒரு முடிவு எடுத்தேன். திரும்பி வந்ததும், 'ஒருநாள் வீட்டை வா, பிள்ளை, வந்து சாப்பிட்டிட்டுப் போ' என்று சொல்வது. என் அறைக்குள் அதுவரை குழாய் திருத்துகிறவரைத் தவிர ஒருவரும் வந்ததில்லை. அந்த வசனத்தை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். கடைசிப் பந்தை வீசிவிட்டு அவள் என் பக்கம் நடக்கத் தொடங்கினாள். அப்போது கேப்டன் கையைக் காட்டி அவளை மறுபக்கத்துக்கு அனுப்பினாள். இரண்டு ஓவரில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கட்டிடத்துக்குள் ஓடினார்கள்.

நான் குடையோடு வாங்கிலேயே இருந்தேன். உள்ளே போயிருக்கலாம். அவளுடைய வீட்டார் யாராவது வந்திருப்பார்களோ, என்னைக் கண்டதும் எவடம் என்று கேட்பார்களோ என்றுதான் போகவில்லை. மழை விடவில்லை. கார்கள் ஒவ்வொன்றாக வெளிக்கிட்டன. எந்தக் காரில் அவள் போனாள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த கோடை பெரிய மைதானத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். விளையாடாவிட்டாலும் பார்க்க வருவாள் என்று ஒரு நம்பிக்கை. பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். நாலு ஓட்டம் போனால் பாட்டுப் போடுகிறார்கள். சின்னப் பெண்பிள்ளைகள் ஆட்டக்காரிகளின் பெயர் எழுதிய சட்டையோடு ஓடித் திரிகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே சந்தோஷம். இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் இருக்கிறது, காலைப் பிடித்துவிட ஆள் இருக்கிறது, ஒருவரும் காருக்குள் உடுப்பு மாற்றத் தேவையில்லை. வாசலுக்குப் பக்கத்தில் அணியின் வரலாறு என்று படங்கள் மாட்டியிருந்தார்கள். பாவாடை உடுத்த பெண்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். அதற்கு அடுத்ததாக இந்த வருட அணியின் பெரிய வண்ணப் படம். நடுவிலே நின்று மழையில் நனைந்தவர்களுக்குப் படம் இல்லை. மனப்பாடமாகச் சொல்லக்கூடிய அளவுக்கு எனக்கு ஒவ்வொருத்தியையும் தெரியும்.

ஃபைன் லெக்கில் நிற்கும் பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் விளம்பரப் பலகை, அதற்கு இந்தப் பக்கம் சனத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு காவலாளி. நான் பேசுவதென்றால் அவரோடுதான் பேசவேண்டும். சனம் கூடக் கூட எனக்கு ஆள் இல்லாமல் போனது. அந்தக் கோடை முழுவதும் அவளைத் தேடினேன். உயரமான பெண் ஒருத்தி படியில் இறங்கினால் எழுந்து நிற்பேன். வாசலில் இருந்த அலுவலரிடம் கேட்டேன், பழைய ஆட்டக்காரரின் விபரம் தரமுடியாது என்று மரியாதையாகச் சொன்னார். அவள் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் பெயரை வைத்து ஆட்களைத் தேடும் இணையத்தளங்களில் என் பழைய உறவினர் எல்லோரும் இருந்தார்கள். அங்கே நான் போவதில்லை.

கடைசியில், என் அறைக்குக் கீழே இருக்கிற தமிழ்க் கடைக்குப் போனேன். பணம் வாங்குகிற இடத்தில் இருக்கும் பெண்ணோடு அதுவரை விலையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அவவுக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் தெற்கு லண்டனில் இல்லை என்பதுதான் பேசாமல் இருந்ததற்குக் காரணம். அன்றைக்கு அதற்காகவே போனேன்.

அவளுடைய பெயரைச் சொன்னேன். "கிரிக்கெட் விளையாடின ஒரு உயரப் பிள்ளை. ஸ்கூலில படிப்பிக்கிறவள். ஆக்களைத் தெரியுமோ?"

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. "நீங்கள் ஊரில எவடம், அக்கா?"

சொன்னேன். ஆருடைய மகள் என்றா. அதையும் சொன்னேன். ஆரைக் கட்டினது என்றா.

"கட்டினவரை விட்டிட்டு வந்திட்டன்."

அவ கீழே குனிந்து ஒரு கட்டு இலையை எடுத்து மேசையில் வைத்தா. "கறிவேப்பிலை இப்பதான் வந்தது. வேணுமோ?" பிறகு, "அந்தப் பிள்ளையின்ர தாய் ஸ்ட்ரெதத்தில இருக்கிறா. வெள்ளிக்கிழமையில இஞ்சைதான் மரக்கறிக்கு வாறவ. நம்பர் தரட்டோ?" என்றா.

அவ்வளவுதான். ஒரு கோடை முழுவதும் தேடியது கறிவேப்பிலை வாங்கும் நேரத்துக்குள் கிடைத்தது. இந்தக் கேள்விக்கா இத்தனை வருடம் ஒளித்துத் திரிந்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

மேலே வந்து நின்றபடியே அந்த நம்பருக்கு ஃபோன் எடுத்தேன். தாய்தான் கதைத்தா. நான் யாரென்று சொல்லத் தொடங்க இடையில் மறித்தா.

"நீங்களோ அந்த வாங்கில இருக்கிற அன்ரி?"

"ஓம்."

"உங்களை ஒருக்கா வீட்டை கூட்டிக்கொண்டு வா எண்டு எத்தினை தரம் சொன்னனான். அவள் மாட்டன் எண்டிட்டாள். 'அம்மா, நீங்கள் எவடம் எண்டு கேப்பீங்கள். அன்ரி ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை, அவவுக்கு அது பிடியாது. பிறகு மேட்ச்சுக்கும் வரமாட்டா' எண்டு சொன்னவள்."

அந்தப் பிள்ளைக்குக் கேள்வி தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இத்தனை கோடை எனக்காகக் கேட்காமல் நின்றிருக்கிறாள்.

"இப்ப எங்கை நிக்கிறாள்?"

"நியூசிலாந்தில. ஸ்கூல் பிள்ளையளுக்குக் கிரிக்கெட் பழக்கிறாள். சித்திரையில போனவள். அங்கையே இருக்கப் போறன் எண்டு சொல்லுறாள். இஞ்சை நான் தனிய."

சித்திரையில் நான் அந்த வருடத்து முதல் டிக்கெட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். தாய் வேறொரு குரலில் கேட்டா:

"நான் ஒருநாளும் போய்ப் பாக்கேல்லை. சனி ஞாயிறு எண்டா எனக்கு ஷிப்ட். கறுத்துப் போவாய் எண்டு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தன். நீங்கள் பாத்தனீங்கள். சொல்லுங்கோ, என்ர பிள்ளை நல்லா விளையாடினவளோ?"

"ஓம்," என்றேன். அது போதாது என்று உடனேயே தெரிந்தது. அவள் எத்தனை ஓவர் வீசினாள், எப்படி ஓடி வந்தாள், நனைந்த பந்தை எங்கே துடைத்தாள் என்றெல்லாம் இருந்து பார்த்த ஆள் இந்த நகரத்தில் நான் ஒருத்திதான். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காலுக்கு நடுவால் போன அந்த முதல் பந்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.