மேஸ்திரியின் போனுக்கு வரும் நம்பர்

நாலு பேர் கூடுகிற இடத்தில் வாய் திறக்காதவன் நான். மாதா கோவிலில் பைபிள் வாசகம் வாசிக்க ஆள் தேடினால் தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிடுவேன். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். படிப்பும் பத்தாவதோடு சரி. வாக்கியம் எங்காவது கோணிக்கொண்டு போனால் படிக்கிறவர்களே நிமிர்த்திக்கொள்ளுங்கள். உதவித்தொகை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அது ஒரு வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அந்த வீடு என்ன பாடு படுகிறது என்பதை எழுதத் தெரிந்த யாராவது எழுதியிருக்கலாம். அன்றைக்கு எங்களோடு அப்படி யாரும் இல்லை.

என் மகள் ப்ளஸ் டூ முடித்ததும் திண்டிவனம் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தாள். ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதிக்கிற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. உப்பளத்தில் கூலி வேலை செய்கிற நானும் என் மனைவியும் சேர்ந்தாலும் அந்தக் கட்டணத்தை ஒரே தடவையில் கட்ட முடியாது. சேர்க்கும்போதே கல்லூரி அலுவலகத்திலிருந்த அம்மா பொறுமையாக விளக்கினார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மார்க் ஷீட், மகள் பெயரில் பேங்க் பாஸ்புக், இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பிறகு, விண்ணப்பிக்கிறவள் அவள்தான் என்று ஆதார் மூலம் உறுதி செய்ய வேண்டும். அது முடிந்தால் ஒரு பதிவு எண் வரும். அரசு பணம் பல மாதம் கழித்து நேராக மகளுடைய கணக்குக்குத்தான் வரும். ஆனால் பதிவு எண் இருந்தால் போதும், அதுவரை கல்லூரி காத்திருக்கும்.

"நம்பர் மட்டும் கொண்டாந்து குடுத்துடுங்கண்ணா. கடைசி தேதிக்குள்ள வரலன்னா ஃபுல் ஃபீஸ் கட்டணும். கட்டலன்னா வெயிட்டிங்ல இருக்கற புள்ளைக்கு சீட்டு போயிடும். அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது" என்றார்.

வருமானச் சான்றிதழ் ஒருமுறை திரும்பி வந்தது. உப்பளத்தில் ஆறேழு மாதம்தான் வேலை, மழைக்காலத்தில் கூலி கிடையாது என்று தனியாக எழுதிக் கொடுத்த பிறகு கிடைத்தது. அதற்குள் கடைசி நாளே வந்துவிட்டது. மரக்காணம் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு மூன்று பேரும் போனோம். நான் அங்கே போய் வாயைத் திறக்க மாட்டேன் என்று தெரிந்துதான் மனைவியும் கூலியை விட்டுவிட்டு வந்தாள். வானம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது.

எல்லாம் ஏறியது. கடைசியில் மகள் கட்டைவிரலை மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. இன்னொரு கை, ஒவ்வொரு விரலாக எல்லாம் வைத்துப் பார்த்தாள்.

சென்டர் நடத்துகிற பெண் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, ரேகையே காணோம். எங்க வெச்சிட்டு வந்தே?"

"உப்புப் பாத்தியிலக்கா" என்றாள் மகள்.

லீவு நாட்களில் அவளும் எங்களோடு உப்பு வார வந்தாள். உப்புத் தண்ணீரில் விரல் நுனி தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். எங்கள் ஆட்கள் ரேகை வைக்கிற வேலை இருந்தால் நாலைந்து நாள் முன்கூட்டியே பாத்தியில் இறங்காமல், கையில் எண்ணெய் தடவி வைத்திருப்பது வழக்கம். ரேஷன் கடையில் கண்ணைக் காட்டினாலும் போதும். இந்த சென்டரில் கண் மெஷின் இல்லை.

"பரவால்ல, ஓடிபி போட்டுக்கலாம். ஆதார்ல சேத்த போனு யார்கிட்ட இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே அவர் எதையோ தட்டினார். எந்த போனுக்கு நம்பர் போயிருக்கிறது என்று கடைசி எண்கள் மட்டும் திரையில் தெரிந்தன. மகளுடைய போன் இல்லை. என்னுடையதும் இல்லை.

மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். "இது மேஸ்திரி நம்பருங்க."

நான் சென்டர் வாசலைப் பார்த்து நகர்ந்தேன்.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உப்பளத்துக்குப் பக்கத்தில் ஆதார் முகாம் போட்டார்கள். அப்போது எங்கள் கூட்டத்தில் போன் வைத்திருந்தது எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி ஒருவர்தான். போன் நம்பர் என்று கேட்ட இடத்தில் எல்லாரும் அவருடைய நம்பரையே கொடுத்தோம். அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு கூட்டத்தில் யாருக்கு என்ன வேலை நடந்தாலும் நம்பர் அவர் போனுக்குத்தான் வரும். வரப்பில் நின்று, "டேய், எவன்டா ஆதார் தட்னது? நம்பர் வந்துகினு இருக்குது, ஓடியா" என்று கத்துவார். தட்டியவன் உப்பு இழுக்கிற வாரியைப் போட்டுவிட்டு ஓடுவான். பிறகு நானும் மனைவியும் போன் வாங்கி எங்கள் நம்பரை மாற்றிக்கொண்டோம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ரேகையைப் புதுப்பித்தபோது நம்பரை மாற்றவில்லை.

இரண்டு பருவத்துக்கு முன்பு வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு முதலாளியின் உப்பளத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மேஸ்திரியிடம் நேரில் சொல்லத் தயங்கித் தயங்கி, சொல்லாமலேயே போய்விட்டோம். அதிலிருந்து அவர் எதிரில் வந்தால் நான் வண்டியைத் திருப்பிக்கொள்வேன்.

மனைவி தன் போனில் அவரைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மறுபடியும் அதுவே.

"போயி நில்லுங்க. மூஞ்சப் பாத்து கேளுங்க" என்றாள்.

"சிம்ம மாத்தியிருந்தா?"

"அதையும் போயி கேளுங்க. எனக்கு மட்டும் வண்டி ஓட்டத் தெரிஞ்சா இந்நேரம் பாதி தூரம் போயிருப்பேன். அவரு இன்னா, உங்கள முழுங்கிடுவாரா?"

மகள் விரல் நுனியைத் துப்பட்டாவில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ரேகை திரும்பி வந்துவிடும் என்பது போல.

வண்டியில் போகும்போது என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "நல்லா இருக்கீங்களா மேஸ்திரி" என்று ஆரம்பித்தால் பொய்யாக இருக்கும். "ஒரு உதவி" என்று ஆரம்பித்தால் உதவிக்குத்தான் வந்தாயா என்பார். சாலை முடிந்து உப்பள மண்பாதை வந்தும் ஒரு வாக்கியம் கூட நிற்கவில்லை. சிம் செத்துப் போயிருந்தால், அந்த நம்பர் இப்போது எந்த ஊரிலோ யாரிடமோ இருந்தால், என் மகளுடைய சீட்டு தன் பையில் கிடக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியவா போகிறது என்றெல்லாம் மனம் ஓடியது.

அங்கே எல்லாரும் ஓட்டமாக இருந்தார்கள். மழைக்கு முன்னால் உப்புக் குவியலைக் கீற்று போட்டு மூட வேண்டும். மேஸ்திரி குவியலின் அடியில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாபா, எங்க பாத்தியில இன்னும் உப்பு வெளையுதான்னு பாக்க வந்தியா?"

கீற்று சுமந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "வழி மறந்துட்டிருப்பாரு மேஸ்திரி, அந்தாண்ட உப்பளத்துக்குப் போறவரு" என்றான்.

நான் பாதையில் தயாரித்தது எதுவும் வாயில் வரவில்லை. "பாப்பாவுக்கு ஓடிபி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் என்னையே பார்த்தார். "எந்தப் பாப்பா? அந்தக் கொட்டாயில தூங்கினு இருக்குமே, அதுவா?"

"காலேஜ் சேந்திருக்குதுங்க. இன்னிக்குத்தான் கடைசி நாளு. நம்பர் வரலன்னா சீட்டு இல்லன்றாங்க."

"அத இப்ப வந்து சொல்றியே. மழ எறங்கப்போவுது." கொட்டகையைப் பார்த்துக் கத்தினார். "டேய், என் சோத்துப் பையில பட்டன் போன் இருக்குது பாரு, எடுத்தா."

அந்த சிம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லாம? எனக்குன்னு பெரிய போன் வாங்கியாச்சு. இந்த சிம்முக்கு உங்களுக்காகத்தான் மாசாமாசம் ரீசார்ஜ் போட்டுனு கீறேன். இருக்கறவனுக்கும் போடறேன், சொல்லாம போனவனுக்கும் சேத்து போடறேன். சொல்லிட்டுப் போயிருந்தா கையப் புடிச்சி இழுத்திருப்பனா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கீழே டவர் கிடைக்காது, குவியல் மேலே ஏறினால்தான் கிடைக்கும். இரண்டு பேரும் கால் சறுக்கச் சறுக்க ஏறினோம். நான் என் போனில் மகளைக் கூப்பிட்டு, "இப்பத் தட்டும்மா" என்றேன். அவர் பட்டன் போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றும் வரவில்லை. முதல் துளி என் கழுத்தில் விழுந்தது.

"மறுபடி தட்டச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அந்தப் பக்கம் மகள் தயங்கினாள். "இதுவும் போச்சுன்னா இன்னிக்கு லாக் ஆயிடும்னு அக்கா சொல்றாங்கப்பா."

"தட்டு."

கீழே யாரோ, "மேஸ்திரி, கீத்து பத்தல" என்று கத்தினார்கள். "இரு" என்றார். அவர் கண் போனை விட்டு நகரவில்லை. போன் கீச்சென்று கத்தியது. அவர் கையை நீட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உரக்க வாசித்தார். "லாபம், நாலு, ஒம்பது..."

உப்புக் கூடை எண்ணுகிறபோது முதல் கூடையை ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார். அந்தப் பழக்கம் இதிலும் வந்துவிட்டது. போனில் சென்டர் பெண், "இன்னாது, லாபமா?" என்று கேட்பதும், மகள், "ஒண்ணுக்கா, ஒண்ணு போடுங்க" என்று அவசரமாகச் சொல்வதும் எனக்குக் கேட்டது. மீதி எண்களையும் வாசித்து முடித்தார். "போட்டாச்சுப்பா, சுத்துது" என்றாள் மகள். அதோடு லைன் அறுந்தது.

மறுபடி கூப்பிட்டேன், போகவில்லை. போனைப் பார்த்தபடி நின்றேன். மேஸ்திரி இறங்கிப் போய் ஒரு கீற்றுக் கட்டை என் பக்கம் தள்ளினார். "செல மாதிரி நிக்கறியே. இதப் புடி."

பிடித்தேன். அந்தக் குவியலை மூடி முடிக்கிறவரை கிளம்ப எனக்கு மனம் வரவில்லை. கை கீற்றை அடுக்கிக்கொண்டிருந்தது. மனதுக்குள் அந்தத் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் அவர், "போ, போ, புள்ள காத்துனு இருக்கும்" என்றார். நன்றி என்று சொன்னேனா இல்லையா என்று இப்போதும் எனக்கு நினைவில்லை.

மழையில் நனைந்து கடைத்தெருவுக்கு வந்தபோது சென்டர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். மனைவியும் மகளும் அதன் கீழே ஒதுங்கி நின்றார்கள். மகள் ஒரு தாளைத் துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருந்தாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"வந்துடுச்சுப்பா" என்றாள்.

"அப்புறம் ஏன் அழுவுற?"

"நீ வரவே இல்லியே" என்றாள். மனைவி, "மேஸ்திரி முழுங்கிட்டாருன்னு நெனச்சிக்கினோம்" என்றாள்.

மறுநாள் மழை விடவில்லை. மகள் பஸ்ஸில் போய்ப் பதிவு எண்ணைக் கல்லூரியில் கொடுத்தாள். அதில் முந்தின நாள் தேதி இருந்ததால், வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். உப்பளத்தில் வேலை இல்லை. நான் வீட்டில் இருந்தேன்.