சுவரில் ஒரு பிறை

எல்லைத் தகராறு முற்றியிருந்த ஆண்டு அது. புத்தூரும் நகரியும் சென்னையோடு சேருமா, ஆந்திரத்திலேயே நிற்குமா என்பதுதான் திருப்பதியில் எந்தப் பேருந்தில் ஏறினாலும் பேச்சு. அந்தச் சூட்டில் எங்கள் கல்லூரித் தமிழ் மன்றம் ஒரு விதி செய்திருந்தது: போட்டிக்கு வாசிக்கும் கட்டுரையில் ஊர்ப்பெயர் நீங்கலாகப் பிறமொழிச் சொல் வரலாகாது. எனக்கு வந்த தலைப்பு, பள்ளிவாசல் கட்டடக்கலையின் தோற்றம்.

நூலகத்தில் படித்தவை எனக்கு வியப்பாக இருந்தன. மதீனாவில் நபிகளின் வீட்டு முற்றமே பள்ளிவாசலாக இருந்தது. பேரீச்ச மரத்தண்டுகள் தூண்கள். அவற்றின் ஓலையே கூரை. கோபுரம் கிடையாது, உயரமான ஒரு கூரையில் ஏறி நின்று தொழுகைக்கு அழைத்தார்கள். முதலில் ஜெருசலேமை நோக்கித் தொழுதவர்கள் பிறகு மக்காவை நோக்கித் திரும்பினார்கள். அந்தத் திசையைக் காட்டச் சுவரில் மிஹ்ராப் என்னும் குழிவை அமைத்தது வெகு காலம் கழித்துத்தான். அந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடி, 'கருவறை' என்று எழுதினேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் சித்தூர்க்காரி. எங்கள் வகுப்பின் ஒரே முஸ்லிம் மாணவி. கட்டுரையைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கருவறையா? உள்ள யாரைடீ குந்த வெச்சிருக்கே?"

சிரிப்பு உடனே அடங்கியது. "இதை அப்படியே படிச்சேன்னா, நாங்க செவுத்தைக் கும்புடுறோம்னு ஆயிடும். நீ படிச்சிட்டுப் பூடுவே. வருசம் பூரா பதில் சொல்லிக்கினு இருக்கறது நானு."

அந்தச் சனிக்கிழமை அவளுடன் சித்தூருக்குப் போனேன். பள்ளிவாசல் முற்றத்தின் ஓரத்தில் நின்று பார்த்தோம். கட்டடம் தெருவுக்குச் சற்றுக் கோணலாக நின்றது. கொத்தனார் பிழையோ என்று கேட்டேன்.

"ரோடுதான் கோணல். இது நேரா மக்காவைப் பாக்குது."

மேற்குச் சுவரின் நடுவில், சுண்ணாம்பு பூசிய அந்தக் குழிவு. உள்ளே ஒன்றுமே இல்லை. தொழுகை நடத்துபவர் அதை நோக்கி ஓதும்போது குரல் அதில் பட்டுப் பின்வரிசைவரை கேட்கும் என்றாள். எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் சுவர்க்குழிக்குப் பிறை என்று பெயர். சொல் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் அங்கேயே திருத்தி எழுதிக் காட்டினேன்.

"செவுத்துல ஏதுடீ நிலா? நோன்பு முடிய நாங்க மொட்டைமாடி ஏறித் தேடிக்கினு இருக்கோம், நீ உள்ளயே புடிச்சி வெச்சிட்டே!"

விளக்குப் பிறை என்றேன்.

"அப்போ வெளக்கைக் கும்புடுறோம்னு ஆவும்."

போட்டியன்று, மிஹ்ராப் என்றே வாசித்தேன். தலைமை வகித்த தமிழாசிரியர் கையை உயர்த்தினார்.

"அது தமிழாம்மா?"

"இல்லைங்க ஐயா."

"தமிழ்ல சொல்ல முடியாதா?"

"சொல்லிப் பார்த்தேன் ஐயா. எந்தச் சொல்லைப் போட்டாலும் அது உள்ளே எதையோ கொண்டுவந்து வைத்துவிடுகிறது. அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்."

அவர் என் பெயரைப் போட்டிப் பட்டியலிலிருந்து அடித்தார். ஆனால் தொடர்ந்து வாசிக்கச் சொன்னார்.

கூட்டம் கலையும்போது முன்வரிசைப் பெண்ணொருத்தி என் தோழியின் பக்கம் திரும்பினாள். தோழியின் முகம் இறுகியதைக் கண்டேன்.

"ஏண்டி, இங்கேருந்து மக்கா எந்தப் பக்கம்?"

தோழி எழுந்து, சன்னலுக்குச் சற்றுக் கோணலாகக் கையை நீட்டினாள்.