கூடவே வருகிறேன் என்றவள்

அந்தத் தெருக்களில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்து வருவது வேலை. ஊசி போடுகிறவள் நர்ஸ். பழி மட்டும் இவளுக்கு. ஊசியக்கா தெருமுனையில் திரும்பினால் வயிற்றுப் பிள்ளைகூட மூச்சை அடக்கிக்கொள்ளும் என்று கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்தபடியே உள்ளே நுழைந்து, மாமியாரிடம் ஒரு வார்த்தை, புருஷனிடம் ஒரு வார்த்தை பேசி, எப்படியோ ஆளைக் கிளப்பிவிடுவாள்.

தம்பி மனைவியிடம் மட்டும் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். நாள் முழுக்க நின்றே வேலை. மூத்த பெண்ணை அந்தச் சுகாதார நிலையத்தில் பெற்றபோது வலியில் கத்தியதற்கு, "புருஷன்கிட்ட போறப்ப இனிச்சுதில்ல, இப்ப என்ன கூப்பாடு?" என்று நர்ஸ் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அந்த முள் இன்னும் நெஞ்சில் தைத்திருந்தது. மறுபடி உண்டானதும், "செத்தாலும் அங்க வரமாட்டேன் அண்ணி" என்றாள்.

"நான் கூடவே வரேன்மா. உன்னை யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் இருக்கு."

கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் லீவு போட வைத்தாள். வரிசையில் நின்று நின்று முறை வந்தபோது, உள்கதவில் ஆயா கையை நீட்டி மறித்தாள்.

"பேஷன்ட் மட்டும்."

"நானும் இங்க வேலை செய்யறவதானே?"

"உன் வேலை வெளியில. நகரு."

சண்டை போட வாய் துறுதுறுத்தது. நாளைக்கும் நாலு பெண்களோடு இதே ஆயாவிடம்தான் வந்து நிற்க வேண்டும். விழுங்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து நர்ஸின் குரல் கணீரென்று வந்தது. "இத்தனை மாசமா எங்க போயிருந்த? மாடு மேய்க்கவா?"

தம்பி மனைவி தலையைக் குனிந்தபடி வெளியே வந்தாள். "பிரஷர் பாக்குற மெஷின் ரிப்பேராம். வியாழக்கிழமை வரணுமாம்."

பாதி வழியில்தான் மீதியைச் சொன்னாள். "நீங்க நல்லவங்கதான் அண்ணி. ஆனா கதவு வரைக்கும்தானே உங்களால வர முடியும்?"

வியாழக்கிழமை கடையில் லீவு கிடைக்கவில்லை. தம்பி மனைவியும் வற்புறுத்திக் கேட்கவில்லை. கால்கள் வீங்கிப் புருஷனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அதைப் பார்த்ததும் ஊசியக்கா தம்பியைப் பிடித்தாள்.

"இந்த வீக்கம் நல்லதுக்கில்லடா, பிரஷரா இருக்கும். வேற ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போடா."

"அவ வரலேங்கறா. தூக்கிட்டா போக முடியும்?"

அடுத்த வாரம் இஸ்திரி மேசையருகே வலிப்பு வந்து விழுந்தாள். கடைக்காரர்கள் துணி வண்டியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாயைக் காப்பாற்ற முடிந்தது. பிள்ளையை முடியவில்லை.

ஊசியக்கா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. யாரும் திட்டவில்லை. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். தம்பி மனைவி மெல்லப் போர்வையை விலக்கினாள். ரவிக்கை நனைந்திருந்தது.

"பால் கட்டிக்கிச்சு அண்ணி. ரொம்ப வலிக்குது. என்ன பண்ணட்டும்?"

ஊர்ப் பெண்கள் எது கேட்டாலும் வாயில் பதில் வைத்திருப்பவள் எழுந்துபோய், ஒரு துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து அவள் மார்பில் வைத்தாள். அது சூடேறச் சூடேற மறுபடி நனைத்துக்கொண்டே இருந்தாள்.