பன்னிரண்டு டைட்டானியம் கிண்ணங்கள்

தாராவியில் பாத்திரம் பளபளக்கவில்லை என்றால் மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தவனைத்தான் ஏசுவார்கள். பதினெட்டு வருஷம் எவர்சில்வர் டம்ளரில் முகம் பார்த்துப் பழகிய கை என்னுடையது. தூசி நெஞ்சில் ஏறி, இருமல் நிற்காமல் போனது. செம்பூரில் எலும்புக்குப் பொருத்தும் டைட்டானியம் சாமான் செய்கிற ஒர்க் ஷாப்பில் ஆள் எடுக்கிறார்கள் என்று என் கூட்டாளி சொன்னதும் ஓடினேன். அங்கே தூசியை உறிஞ்ச மிஷின் இருந்தது. மூன்று மாதம் தாண்டினால் வேலை நிரந்தரம். என் மனைவி காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள்.

கூட்டாளியும் நானும் ஒரே ஊர், மும்பையிலும் ஒரே சால் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடு. அவன் அங்கே சேட் முதலாளியிடம் பழைய ஆள். இடுப்பெலும்பில் பதிக்கும் கிண்ணங்களைக் கழுவி எனக்குத் தருவான். உள்பக்கத்தை வழவழப்பாக்குவது மட்டும்தான் என் வேலை. வெளிப்பக்கம் பிட்டு வைத்த இட்லி மாதிரி பொடிப்பொடியாகத் துளைகள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, தப்புதான்.

ஒருநாள் அவன் ட்ரேயைக் கைதவற விட்டான். பன்னிரண்டு கிண்ணமும் தரையில் உருண்டன. வெளிப்பக்கமெல்லாம் கீறல்.

"ஏல, சேட் வாரதுக்குள்ள வெளிய லேசா ஒரு பஃப் போட்டு விடு. கீறல் மறைஞ்சா போதும்."

"வெளிப்பக்கம் போடலாமாலே?"

"நான் சொல்லுதேம்லா. போடு."

லேசாகவாம்! சக்கரத்தில் சாமானை வைத்த பிறகு என் கை பாதியில் நிற்குமா? முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். பன்னிரண்டும் ஜொலித்தன. எனக்குப் பெருமை வேறு, மடப்பயல்.

சேட் வந்து ஒன்றை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அந்தத் துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும், துளை மூடினால் கிண்ணம் இடுப்புக்குள் ஆடும் என்று இந்தியில் கத்தினார். யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டார்.

நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"மைனே மனா கியா தா, சேட்."

வேண்டாம் என்று அவன் தடுத்தானாம்!

எனக்கும் இந்தி வரும். அன்று ஒரு வார்த்தை வரவில்லை. என் வீட்டுச் சோற்றைத் தின்றவன், விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னோடு தமிழில் பேசியவன், என் கண்ணெதிரே நின்று கழுத்தை அறுத்துவிட்டான். அன்று சாயங்காலமே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மறுபடியும் தாராவி, மறுபடியும் தூசி. மனைவி காலண்டரைக் கழற்றிவிட்டாள். அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் அவன் பிரசாதத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தான்.

"மனசுல வச்சுக்கிடாதலே. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"நானுந்தாம்லே. சரி, வச்சுக்கிடல. சேட்டுகிட்ட இந்தியில சொன்னியே, அத எம்மூஞ்சியப் பாத்துத் தமிழ்ல சொல்லு. வேண்டாம்னு தடுத்தேன்னு சொல்லிரு, போதும்."

எனக்கு இருமல் வந்தது. அது அடங்குகிற வரைக்கும் அவன் நின்றுவிட்டு, பிரசாதத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.