பாதியில் நின்றுபோன கேலி

சகுப்வா சந்தையில் தக்காளியைவிடச் சீக்கிரம் கெட்டுப்போவது செய்திதான். காலையில் அது "சிரூமே வீட்டுச் சாவில் நோமேட்டர் அழுதுட்டாராம்" என்று நல்ல நிலையில் இருந்தது. கோழிக்காரிகள் பக்கம் போனபோது "மயங்கி விழுந்துட்டாராம்" ஆகியிருந்தது. மினிபஸ் நிறுத்தத்தை எட்டும்போது "பெருசு போய்ச் சேர்ந்துட்டாராம்" என்று முற்றியிருந்தது. அங்கே நோமேட்டரே நின்று, நடத்துனரிடம் மீதிச் சில்லறைக்காக வாதாடிக்கொண்டிருந்ததால், அந்தக் கடைசிப் பதிப்பை மட்டும் ஊர் கைவிட்டது.

சாவு வீட்டில் மனிதன் அழுவது செய்தியா என்று வெளியூர்க்காரன் கேட்பான். அழுதது சாஹ்விரா ஆயிற்றே. சிரூமே குடும்பத்துக்கு நோமேட்டர் சின்யோக்காதான் சாஹ்விரா. அவர் வேறு குலம், ரத்தத்தில் ஒட்டோ உறவோ இல்லை. அந்த வீட்டில் யார் செத்தாலும், செத்தவரின் உடுப்பை மாட்டிக்கொண்டு, அவரைப்போலவே நடந்து, இருமி, ஏசி, அழுகிறவர்களைச் சிரிக்கவைக்க வேண்டியது அவர் பொறுப்பு. வேறு யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவர் பிணத்தின் முகத்துக்கு நேரே சொல்லலாம், ஒருவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சின்யோக்கா வீட்டுச் சாவுக்குச் சிரூமேக்கள் வந்து இதையே திருப்பிச் செய்வார்கள். அப்பன்கள் காலத்திலிருந்து நடக்கிற கொடுக்கல் வாங்கல் இது. அப்படிப்பட்ட ஆள் அழுவது தீயணைப்பு வண்டியே தீப்பிடிப்பது போல. ஆகவே வதந்தியைச் சரிபார்க்கத்தான் வேண்டியிருந்தது.

நோமேட்டருக்கு இந்தத் தொழிலின் ருசி சின்ன வயதில் தெரிந்தது. ஒன்பது வயதில் அப்பா செத்தபோது, பையன் அழாமல் கட்டை மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தான். சிரூமே வீட்டுப் பெரியவர் அப்பாவின் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு கதவை உதைத்துத் திறந்து, "எவன்டா என் நாற்காலியில உக்காந்தது? செத்தா எடத்தப் புடிச்சிருவீங்களா?" என்று அப்பாவின் குரலிலேயே கத்தினார். பையன் வெடித்துச் சிரித்தான். சிரித்த வேகத்தில் முகவாய் நடுங்கியது, பிறகு அழுகை வந்தது, அழுது முடிந்ததும் பசித்தது. பெரியவரின் மகன் ஸிவனாய் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே அழுகிற பையனின் பங்கு இறைச்சியையும் சேர்த்துத் தின்றான்.

அதன்பின் எது வந்தாலும் நோமேட்டர் சிரிப்பை வைத்தே சமாளித்தார். நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. எந்த நாய் கடித்ததோ அந்த நாயின் பெயரைத் தழும்புக்கு வைத்தார். தலைப்பிள்ளை தொட்டிலிலேயே போனபோது மட்டும் சிரிப்பு உதவவில்லை. பச்சைப்பிள்ளைச் சாவுக்குக் கேலி கிடையாது, பெண்கள் சத்தமில்லாமல் புதைத்துவிட்டு வருவார்கள். ஸிவனாய் வந்தான், வாயே திறக்காமல் கூரையின் ஒழுகலை அடைத்துவிட்டுப் போனான். பின்னால், நாட்டில் பணம் மதிப்பிழந்து ஓய்வூதியம் ஒரு ரொட்டி விலைக்குக் கரைந்த வருஷம், நோமேட்டர் அந்த ரொட்டியை வாங்கி, "முப்பது வருஷ உழைப்புடி, மெதுவாக் கடி" என்று மனைவி லோயிஸிடம் நீட்டினார். தெருவே சிரித்தது. லோயிஸ் ஜாம் இருக்கிறதா என்று கேட்டாள்.

லோயிஸ் போன வருஷம் போய்விட்டாள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஸிவனாய் அப்போது ஜோஹன்னஸ்பர்க்கில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அங்கே தங்குவதற்கான தாள்கள் சரியாக இல்லை. எல்லையைத் தாண்டி வந்தால் திரும்பப் போக முடியாது. வேறு வழியில்லாமல் கேலியைக் குரல்செய்தியாக வாட்ஸப்பில் அனுப்பினான். இரண்டு நாளாக மின்சாரம் இல்லாத வீட்டில், அவன் தங்கை தன் கைப்பேசியைச் சவப்பெட்டிக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். வீடு மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது.

"ஏ லோயிஸ்! நீ எதுக்கு இப்படி அவசர அவசரமாக் கெளம்புனேன்னு ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போன மாசம் இந்த ஆளு உன்கிட்ட..."

கைப்பேசி அணைந்துவிட்டது.

சிரிக்கத் தயாராகத் திறந்த வாய்கள் அப்படியே நின்றன. அழத் தயாராக இருந்தவர்களுக்கும் முறை வரவில்லை. கடைசியில் யாரோ பாட்டை எடுத்தார்கள், பெட்டியைத் தூக்கினார்கள். மறுநாள் பேட்டரி ஏறி வெகுநேரம் கழித்துத்தான் அந்தத் தங்கை தேடினாள். அதற்குள், இடமில்லை என்று கைப்பேசி தொல்லை செய்தபோது எதையெதையோ அழித்ததில் அதுவும் போயிருந்தது. "சாஹ்விரா, இன்னொருக்கா சொல்லு" என்று ஸிவனாயிடம் கேட்கவும் முடியாது. கேட்டு வாங்கினால் அது கேலியே இல்லை.

போன மாசம் இந்த ஆளு உன்கிட்ட.

அந்தப் போன மாசத்தில் நடந்ததாக நோமேட்டருக்கு ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது. அடுப்படியில் லோயிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ அடைக்கிறாப்பல இருக்கு" என்றாள். "அது வலி இல்ல புள்ள, உள்ள நான் குடியிருக்கேன்ல, எடம் பத்தல" என்றார் இவர். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் களி கிண்டப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இதை அவள் தொலைபேசியில் ஸிவனாயிடம் சொல்லியிருப்பாளோ? அறுந்துபோன அந்தப் பாதியில் இருந்தது இதுதானோ?

தூக்கம் போயிற்று. சாப்பாடு மண்ணாக இருந்தது. காலையில் ஒரு காலுறையை மாட்டிவிட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கிளினிக்குக்கே போய்விட்டார்.

"சிஸ்டர், எனக்கு மனசு செத்துப்போன மாதிரி இருக்கு" என்றார்.

சிஸ்டர் ஹிம்பாய் மேசையைத் தட்டிச் சிரித்தாள். "ஐயோ அண்ணே! செத்தது மனசுன்னா பெட்டி என்ன சைஸ்ல அடிக்கிறது?" வெளியே வரிசையில் இருந்தவர்களிடமும் அதைச் சொன்னாள். வரிசை குலுங்கியது. காய்ச்சல்காரர் ஒருவருக்குச் சிரித்ததில் வியர்த்துக் காய்ச்சலே விட்டுவிட்டதாகவும் கேள்வி. நோமேட்டருக்குப் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள்.

அவள்மேல் குற்றமில்லை. ஐம்பது வருஷமாகச் சிரிக்கவைத்த ஆள் "முடியல" என்றால், அதை எந்தக் கணக்கில் எழுதுவதென்று ஊருக்குத் தெரியவில்லை. அவர் மகள்கூடத் தொலைபேசியில், "அப்பா, இது புதுசா இருக்கே!" என்றுதான் சொன்னாள்.

இப்படி ஒரு வருஷம் ஓடியபின் ஸிவனாயின் அம்மா போய்ச் சேர்ந்தாள். தொண்ணூறைத் தொட்ட, மகன்களை விரல்நுனியில் ஆட்டிவைத்த மனுஷி. இந்தமுறை ஸிவனாய் தாளாவது மண்ணாங்கட்டியாவது என்று பஸ் ஏறிவிட்டான். முற்றத்தில் மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வெந்தன. பெண்கள் களி கிண்டினார்கள். எல்லாருடைய கண்ணும் வாசலில் இருந்தது.

நோமேட்டர் வந்தார். காலை இழுத்து இழுத்துத்தான் வந்தார். கிழவியின் தலைத்துணியைக் கட்டி, ஏப்ரனை மாட்டியபோதே வீடு சிரிக்கத் தொடங்கிவிட்டது.

"யாரு இவ்ளோ கறி வாங்குனது?" கிழவியின் கீச்சுக்குரல் வந்தது. "உசிரோட இருந்தப்ப எனக்கு எலும்புதானே போட்டீங்க! மூத்தவனே, அழுவாதடா, மூக்கு ஏற்கெனவே பெருசு. டேய் ஸிவனாய், ஜோஹன்னஸ்பர்க்ல இருந்து போர்வை கொண்டாரேன்னியே, இப்பப் பொட்டிக்குள்ள குளுருது, எங்கடா அது?"

ஸிவனாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

அடுத்து வரவேண்டியது என்னவென்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். மகன்கள் எதிர்த்துப் பேசினால் கிழவி ஒரே வித்தை செய்வாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவாள். பத்து நிமிஷத்தில் கேட்டது கிடைத்ததும் எழுந்து தேநீர் குடிப்பாள். அதைச் செய்யாவிட்டால் அந்தச் சாவு முழுமையாகாது.

நோமேட்டர் நெஞ்சில் கையை வைத்தார். "ஐயோ," என்றார் கிழவியின் குரலில், "என்னமோ அடைக்கிறாப்பல இருக்கு..."

அந்த வார்த்தை அவர் வாயைவிட்டு வந்ததும் அவரைத் திரும்பிப் பார்த்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். தலைத்துணி அவிழ்ந்து கண்ணில் விழுந்தது. உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. வீடு விழுந்து விழுந்து சிரித்தது. "அப்படியே கெழவிதான்!" என்று கைதட்டினார்கள். "இந்த மாதிரி எவனும் செஞ்சதில்ல!" என்று பக்கத்து வீட்டுக்காரி தரையில் உருண்டாள்.

ஸிவனாய் மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகவாய் நடுங்குவதை அவன் ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறான், வாய் நிறைய இறைச்சியோடு.

புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில், இருவரும் கொல்லையில் அவகாடோ மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"வயசாச்சு."

"எனக்கும்தான் ஆச்சு. நான் அம்மாவோட ஏப்ரன்ல மூக்கச் சிந்துனேனா? சொல்லுடா."

நோமேட்டர் தரையைப் பார்த்தபடி அடுப்படியை, நெஞ்சடைப்பை, தான் சொன்ன ஜோக்கை, அவள் சிரித்ததைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார், "நீ அன்னிக்குச் சொல்ல வந்தது இதுதானா?"

ஸிவனாய் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினான். பிறகு காறித் துப்பினான்.

"டேய், உன் ஜோக்கக் கேட்டு லோயிஸ் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துட்டாளா? முப்பத்தெட்டு வருஷத்துல உன் ஜோக்கு ஒன்னாவது அவளத் தடுத்திருக்கா? சந்தைக்குப் போகாதேன்னா போவா. சர்ச்சுக்கு வேணாம்னா ரெண்டு தடவ போவா. போவணும்னு தோணியிருந்தா உன்னையும் இழுத்துக்கிட்டே போயிருப்பா. அந்த ஜோக்குக்கு அவ்ளோ சக்தி எல்லாம் இல்லடா. சுமாரான ஜோக்கு."

"சுமாரா?"

"சுமாருக்கும் கீழ. உன்மேல பாவப்பட்டுச் சிரிச்சிருக்கா."

நோமேட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டாவி வந்தது, தாடை கழன்றுவிடும்போல ஒரு பெரிய கொட்டாவி. அதன் பின்னாலேயே இன்னொன்று. ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தவர் நாற்காலியிலேயே தலைசாய்ந்து தூங்கிப்போனார். ஸிவனாய் எழுந்து, வெயில் முகத்தில் படாதபடி நாற்காலியை மரநிழலுக்குள் இழுத்துவிட்டான். மதியக் களிக்குக்கூட அவரை எழுப்ப யாரையும் விடவில்லை.

ஆகவே, வதந்தி உண்மைதான். ஆனால் சந்தை அதை ஏற்கவில்லை. "அழுதாரா? அது நடிப்புய்யா!" என்று கோழிக்காரிகள் ஏகமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இப்போது சிரூமேக்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வீடுகளிலிருந்தெல்லாம், எங்கள் சாவிலும் அழுது காட்டுங்கள் என்று கேட்டு ஆள் வருகிறது. அவர் முடியாது என்கிறார். அதற்கும் சிரிக்கிறார்கள். தூக்கம் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. காலுறை இரண்டையும் மாட்டிவிடுகிறார்.

ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. ஸிவனாய் திரும்பிப் போகப் பஸ் ஏறும்போது அவர் கேட்டார், "அப்ப அந்த மீதிப் பாதி என்னதான்டா?"

ஸிவனாய் தலையைச் சொறிந்தான். "ஒரு வருஷம் ஆச்சேடா, அந்தப் பழைய போனும் போச்சு. உன் பல்லு செட்டு பத்தி இருக்கும். இல்ல... இரு, யோசிச்சுச் சொல்றேன்."

எல்லையை எப்படியோ தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டான். மீதிப் பாதி இதுதான் என்று அங்கிருந்து அவ்வப்போது குரல்செய்தி வருகிறது. பல் செட்டு ஒருமுறை வந்தது. மீட்டர் பார்க்கப் போனபோது கடித்த நாய் என்று இன்னொன்று வந்தது. நேற்று வந்ததில் லோயிஸ், ரொட்டி, ஜாம் எல்லாம் இருந்தன, பின்னால் லாரி ஹாரனும் கேட்டது. நோமேட்டர் அடுப்படியில் நின்று கடைசிவரை கேட்டார். பிறகு பொத்தானை அழுத்திப் பதில் பேசினார்:

"இதுவும் இல்லடா. பாக்கி அப்படியேதான் நிக்குது."