அம்மன் உடுத்தியிருந்த பாவாடை

சிட்டம்மாள் பகலில் நாற்று நடுவாள், சாயங்காலம் திருப்புலிவனம் மாதர் சங்கத்தில் தையல் படிப்பாள். அவள் மிஷினை மிதிக்கிற வேகத்தில் கொட்டகையே உத்திரமேரூர் வரைக்கும் நகர்ந்துவிடுமோ என்று நாங்கள் பயந்ததுண்டு. சர்க்கார் தையல் பரீட்சையில் தேறினால் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை கிடைக்கும். அதுதான் அவள் ஆசை. ஆனால் எங்கள் வகுப்புக்கு அங்கீகாரம் இல்லை. அது இல்லாத வகுப்பில் படித்தவர்களைப் பரீட்சைக்குச் சேர்க்கமாட்டார்கள்.

முதலில் வந்த இன்ஸ்பெக்டர், வாசலில் போர்டு இல்லை என்று திரும்பிப் போனார். போர்டு மாட்டினோம். அடுத்த முறை கூரை கீற்றாக இருக்கிறதே என்றார். ஓடு போட்டோம். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் மறுபடி வந்தார். தலையில் தடவியிருந்த எண்ணெயில் ஒரு குடும்பத்துக்கே அப்பளம் பொரிக்கலாம்.

"படிக்கிறவங்க தைச்ச சட்டை ஒண்ணு, பாவாடை ஒண்ணு காட்டுங்க. பெட்டியில எடுத்து வெச்சிருக்கணுமே?"

பெட்டி காலி. சங்கத் தலைவி ஆண்டாளம்மாளின் முகம் வெளுத்துப்போயிற்று.

"தச்சத பொட்டில பூட்டி வச்சிக்கினு புள்ளிங்கள அம்மணமாவா வுடுவாங்க சார்? எல்லாம் ஊருக்குள்ளதான் கீது, வாங்க!" என்றாள் சிட்டம்மாள்.

சட்டை அவள் மகன் உடம்பில் இருந்தது, அவன் எருமை மேல் இருந்தான். இறங்கமாட்டேன் என்றுவிட்டான். இன்ஸ்பெக்டர் எருமையோடு நடந்தபடியே பொத்தான் காஜாவைப் பார்த்து முடித்தார்.

பாவாடையை நினைத்ததும் சிட்டம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலில் தைத்த பாவாடையை எல்லையம்மனுக்குச் சாத்தியிருந்தாள். சாத்தினதை ஆடி முடியாமல் களைவது வழக்கமில்லை.

"ஆத்தாளுக்குக் கட்னத அவுக்கச் சொல்றியா சார்? அப்பறம் ஊருக்கு அம்மை கண்டா யாரு பதில் சொல்றது?" என்று கோயில் வாசலில் பூசாரி வேதகிரி வழிமறித்தார்.

இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றினார்.

"அவுக்கவே வேணாம். தீபத்தைக் கொஞ்சம் கீழே காட்டுங்க, ஓரம் மடிச்சதைப் பார்க்கணும்."

கற்பூர வெளிச்சத்தில் அவர் முழங்காலிட்டு, அம்மன் காலடியில் கண்ணை வைத்துத் தையலைப் பார்த்தார். அவருக்கு அருள் வந்துவிட்டது என்று கூட்டத்தில் ஒருத்தி குலவையிட்டாள். இன்னொருத்தி அவர் கையில் வேப்பிலையைத் திணித்தாள்.

அவர் எழுந்தார். வேப்பிலை கையிலேயே இருந்தது.

"தையல் சுத்தமா இருக்கு. அங்கீகாரத்துக்கு எழுதிடறேன், பரீட்சைக்குப் பேர் கொடும்மா. இனிமே ரெண்டாத் தைச்சிடு. அம்மனுக்கு ஒண்ணு, சர்க்காருக்கு ஒண்ணு."

சிட்டம்மாள் கோயில் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஆத்தாளுக்கு ஊத்துன கூழு மிச்சம் கீதா மாமா?" என்று வேதகிரியைக் கேட்டாள். "காத்தாலேர்ந்து தொண்டையில ஒண்ணுமே எறங்கல."