மேற்குப் பக்கக் கண்ணாடி

ஏசி விற்கும் வேலை அவளுக்குக் கசந்துபோனது. அடுப்பு மாதிரி வீட்டைக் கட்டிவிட்டு, வேர்க்கிறதே என்று கடைக்கு ஓடிவருகிற கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள், சூடேறாத வீட்டை வரைவது எப்படி என்று படிக்கப் போனாள். "நாப்பது வயசுல காலேஜா?" என்று நாத்தனார் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

படித்து முடித்ததும், பசுமைக் கட்டடங்கள் வரைந்து தருவதாகப் பலகை மாட்டியிருந்த ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே பசுமை என்பது பலகையின் பச்சைப் பெயிண்ட்டோடு சரி. ஒருநாள் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வேண்டுமாம். மாடியில் நாலு பூந்தொட்டி வைத்தால் பசுமை வீடாகிவிடுமாம். முதலாளி பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினார்.

"சாயங்கால வெயில்ல உள்ள இருக்கறவங்க வெந்துபோயிடுவாங்க சார்," என்றாள் அவள்.

ஜவுளிக்கடைக்காரர் முகம் சுண்டிப்போய் எழுந்து நடந்தார். முதலாளி அவள்மேல் எரிந்து விழுந்தார். "வர்ற கஸ்டமரை விரட்டத்தான் படிச்சீங்களா?"

"கண்ணாடி அடுப்பு வரையறதுக்குப் படிக்கல சார்," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் ஜவுளிக்கடைக்காரரின் மனைவி போன் செய்தாள். "அவரு பகலெல்லாம் கடையில இருப்பாரு. வீட்ல வேகப்போறது நான்தானே? நீங்களே வரைஞ்சு குடுங்கம்மா. அவரை நான் பாத்துக்கறேன்."

மேற்கே கெட்டிச் சுவரும் வடக்கே பெரிய ஜன்னல்களுமாக வீடு எழுந்தது. வருகிறவர்கள் குளுமையை மெச்சினால், ஜவுளிக்கடைக்காரர் கூசாமல், "எல்லாம் என் ஐடியா," என்பார். அவரைத் திருத்த அவளுக்கு நேரமில்லை. அதே தெருவிலிருந்து இன்னும் இரண்டு மனைவிமார் போன் செய்திருந்தார்கள்.